பதினாலாம் நம்பரும் ஐந்து மணியும்

சிஜிக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியும் என்று கம்பெனியில் சொல்வார்கள். கை பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருக்கும், மனசு மட்டும் மெல்ல எழுந்து வெளியே போய்விடும். கூப்பிட்டால் வரும். இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

அவள் வேலை பார்த்தது கேரள எல்லைப்பக்கம் தனுவச்சபுரத்தில், பஸ் இறங்கி ஐந்து நிமிஷம் நடக்கிற தூரத்தில் இருந்த காஸ் துணிக் கம்பெனியில். காயத்தின் மேலே வைத்துக் கட்டுகிற, கொசுவலை மாதிரி மெல்லிய அந்த வெள்ளைத் துணி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் பெரிய உருளை உருளையாக வரும். இங்கே அதை வெட்டி, மடித்து, பாக்கெட்டில் அடைத்து, நீராவிப் பெட்டிக்குள் வைத்துக் கிருமி போக்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். மடிப்பதற்கு இருபத்தாறு பெண்கள். எட்டு மடிப்பு. ஓரம் உள்ளே போக வேண்டும், ஒரு நூல்கூட வெளியே தலை நீட்டக் கூடாது. பதினொரு வருஷமாக மடித்து மடித்து சிஜியின் விரல்களுக்கு அவளுடைய தயவு தேவைப்படாமல் போய்விட்டது.

அந்த அறையில் எல்லாமே வெள்ளை. மேஜை, சுவர், தலையில் போடுகிற தொப்பி, மடியில் வந்து விழுகிற துணி. நீராவிப் பெட்டியைத் திறக்கும்போது ஒரு வெள்ளைப் புகை வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்று யோசித்துவிட்டுக் கலையும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனசு நழுவத்தான் செய்யும். சிஜிக்குக் கொஞ்சம் சீக்கிரம் நழுவியது.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். அதில் தேதி, மடித்து முடித்த நேரம், மடித்தவரின் நம்பர். நாளைக்கு ஏதாவது ஆஸ்பத்திரியில் துணி சரியில்லை என்று திருப்பினால் யார் மடித்தது என்று பார்ப்பதற்காக. சிஜி பதினாலாம் நம்பர். கொல்லத்திலோ கோட்டயத்திலோ குளிர்ந்த ஓர் அறையில் யாரோ ஒரு நர்ஸ் அந்தப் பாக்கெட்டைக் கிழிப்பதை அவள் நினைத்துக்கொள்வாள். சீட்டை எறிவதற்கு முன் ஒரு நொடி அந்த நர்ஸ் வாசிப்பாள், இந்தப் பதினாலு யாராக இருக்கும் என்று நினைப்பாள். அந்த ஒரு நொடிக்காகவே சிஜி நம்பரை அழகாக எழுதினாள். பதினாலில் வருகிற நாலுக்கு ஒரு சின்ன வால் வைப்பாள்.

வேலை நேரம் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் எட்டு மணி நேரம். சம்பளம் மணிக்கணக்கு, மணிக்கு அறுபத்திரண்டு ரூபாய். ஐந்து மணிக்கு பெல் அடித்ததும் இருபத்தாறு பேரும் எழுந்து வரிசையாகப் போய் வாசலில் இருக்கிற மெஷினில் விரல் வைப்பார்கள். அது ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைக்காரியின் குரலில் ‘தேங்க்யூ’ சொல்லும். விரல் வைத்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்து அவரவர் மேஜையில் உட்கார்ந்து ஏழு மணி வரை மடிப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓ.டி. என்று பெயர். மேனேஜர் கருணாகரன் அதை ஒரு சின்ன நோட்டில் குறித்து, சனிக்கிழமை தோறும் தனிக் கவரில் தருவார். அதுவும் மணிக்கு அறுபத்திரண்டுதான். எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பக்கத்து மேஜை லேகா, பெருங்கடவிளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், அந்தக் கவரைப் பிரிக்காமலே, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிற கூட்டுறவு பேங்கில் வீட்டுக் கடனுக்குக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

ஏழு மணிக்கு வெளியே வந்தால் இருட்டியிருக்கும். சிஜி பஸ் ஏறி, பாறசாலைக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்து ஓரமாக மொபைல் வெளிச்சத்தில் நடந்து வீடு சேர்வாள். வாரத்தில் ஆறு நாள் சாயங்காலம் என்ற ஒன்று அவள் வாழ்க்கையில் இல்லை. பகல் ஒரு ட்யூப்லைட்டுக்குக் கீழே முடிந்து, இரவு ஒரு பஸ்சுக்குள் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் துணி துவைப்பதில் போனது.

இது இப்படியே போயிருக்கும். ஒரு மழைக்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கம்பெனியைப் பார்வையிட ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே தூசி தட்டினார்கள், வெள்ளை அடித்தார்கள். கிழக்குச் சுவரை மறைத்துக் கூரை வரை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து கோடவுனில் போட்டார்கள். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகை வெளிப்பட்டது. தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம், மலையாளத்தில், பொடி எழுத்தில். கண்ணாடிக்குள் பழுப்பேறி இருந்தது. சட்டப்படி அது சுவரில் இருந்தே ஆக வேண்டும் என்பதால், பார்வையிட வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று துடைத்து அங்கேயே விட்டார்கள்.

அது சிஜியின் மேஜைக்கு நேர் எதிரே இருந்தது.

வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பலகை அங்கேயே இருந்தது. இத்தனை வருஷம் அட்டைப்பெட்டியில் அச்சடித்த குடைப் படத்தையும் அம்புக்குறியையும் பார்த்துக்கொண்டு மடித்தவளுக்கு முதல் முறையாக வாசிக்க ஏதோ கிடைத்தது. அவள் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு மனசு அன்றைக்கு முழுக்கச் சுற்றும். ஒரு நாள் எச்சில் துப்புவதற்குத் தொட்டி வைக்க வேண்டும் என்று வந்தது. எந்த மூலையில் வைப்பார்கள், யார் முதலில் துப்புவார்கள் என்று யோசித்து அவள் தனக்குள் சிரித்தாள். இன்னொரு நாள் குடிதண்ணீரைப் பற்றி. இன்னொரு நாள், கைக்குழந்தைகளுக்கு ஒரு தனி அறை. அந்த வரியில் மூன்று நாள் நின்றாள். மகள் ஜெஸ்னா பிறந்து ஆறு மாதத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆபீசுக்கு வேலைக்குப் போனதும், பால் கட்டி மார்பு வலித்ததும், அங்கே இப்படி ஒரு அறை இருந்திருந்தால் அதன் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருந்திருக்கும் என்பதும் அந்த மூன்று நாளில் வந்து போயின.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை அவள் கூடுதல் நேர வேலை என்ற வரிக்கு வந்தாள். ஒரு நாளில் ஒன்பது மணி நேரம், ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்கு மேல் போனால், போகிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டி வேதனம், இரண்டு மடங்கு சம்பளம்.

எட்டு ஆறு நாற்பத்தெட்டு என்று அவள் விரல்கள் மடித்தன. ஐந்து மணிக்கு மெஷின் தேங்க்யூ சொல்கிற இடத்தில் அந்த நாற்பத்தெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு மடிக்கிற ஒவ்வொரு துணியும் இரண்டு துணி. அவளுக்குக் கோபம் வரவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. களைத்துப்போன மனுஷனின் ஒரு மணி நேரம் களைக்காத மனுஷனின் இரண்டு மணி நேரம் என்று யாரோ, எங்கோ, உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு முதுகு வலி இருந்திருக்கும் என்று சிஜி நினைத்தாள்.

அன்றைக்குச் சாயா குடிக்கிற நேரத்தில் கருணாகரன் பக்கத்தில் வந்தபோது கேட்டுவிட்டாள்.

“சாறே, அந்தப் பலகையில எழுதினது நம்ம கம்பெனிக்கும் உள்ளதாக்குமா?”

“எந்தப் பலகை?”

“அந்தா இருக்குல்லா. ஓ.டி.க்கு இரட்டி வேதனம்னு உண்டு.”

கருணாகரன் திரும்பிப் பார்த்தார். சுவரில் அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. பிறகு சிரித்தார். “அது வலிய வலிய, ஆயிரம் ஆளு உள்ள ஃபாக்டரிக்கு உள்ளது பிள்ளே. நீ சொப்பனம் காணாம வேலையப் பாரு.”

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். சிஜியும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தபோது எதிரே குடைப் படமும் அம்புக்குறியும் இருந்தன. அட்டைப்பெட்டிகள் பழையபடி கூரை வரை ஏறியிருந்தன.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஒன்று நேர்ந்தது. மனசு வெளியே போக மறுத்தது. கொல்லத்துக்குப் போகவில்லை, கோட்டயத்துக்குப் போகவில்லை. எழுந்து நேரே போய் அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு கையால் கண்ணாடியைத் தடவியது. பலகை பொய்யென்றால் எதற்கு மூட வேண்டும்? நாலு நாள் இப்படி இருந்தது. ஐந்தாம் நாள் அவள் மடித்ததில் ஒரு நூல் வெளியே தெரிந்து லேகா எடுத்துக் காட்டினாள். பதினொரு வருஷத்தில் அது முதல் தடவை.

வீட்டில் கணவன் பொன்னுதாசிடம் சொன்னாள். அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கைமுட்டியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும், அன்றைக்கு இளநீலம்.

“நீ சொப்பனம் கண்டிருப்ப” என்றான்.

“சொப்பனத்துல எனக்கு மலையாளம் வாசிக்க வராது பாத்துக்கிடுங்க. தமிழ்தான் வரும்.”

பொன்னுதாஸ் சற்று நேரம் முட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். “அப்பம் கேளு. நெய்யாற்றின்கரையில லேபர் ஆபீஸ் உண்டு. கேக்குறதுக்கு டிக்கெட் ஒண்ணும் எடுக்காண்டாம்.”

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டுப் போனாள். ஆபீசில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷைலஜா என்ற அதிகாரி, சிஜியைவிட நாலைந்து வயது மூத்தவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிஜிக்கு நேராகச் சொல்ல வரவில்லை. பலகையிலிருந்து தொடங்கி, எச்சில் தொட்டி, குடிதண்ணீர், குழந்தைகளின் அறை என்று வரிசையாக வந்து கடைசியில்தான் ஓ.டி.க்கு வந்தாள். ஷைலஜா இடையில் மறிக்கவில்லை.

“இருபத்தாறு பேர்னு சொன்னீங்க. மெஷினெல்லாம் கரண்டிலதானே ஓடுது? அப்பம் உங்க கம்பெனிக்கும் உள்ளதாக்கும்” என்றார். “வலிய ஃபாக்டரி, செறிய ஃபாக்டரின்னு ஒண்ணும் இல்ல. வாரம் நாப்பத்தெட்டு மணிக்கூருக்கு மேலே போனா இரட்டி தரணும். பின்னே, தினமும் ரெண்டு மணிக்கூர்னு வருஷம் முழுக்க வேலைக்கு நிறுத்தவும் கூடாது. மூணு மாசத்துக்கு இத்தனைன்னு அதுக்கும் ஒரு அளவு உண்டு.”

சிஜி தலையாட்டினாள்.

“ஆனா நீங்க ஏழு மணி வரைக்கும் இருக்குறதுக்குத் தெளிவு என்ன? ஆதாரம் வேணுமே. பஞ்சிங் மெஷின்ல அஞ்சு மணிதானே காட்டும்.”

அவளிடம் ஒன்றும் இல்லை. கருணாகரனின் சின்ன நோட்டு கருணாகரனின் சட்டைப் பையில் இருந்தது. கவரில் தேதியோ கையெழுத்தோ கிடையாது. அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். அதன் நிழல் மேஜைமேல் வந்து வந்து போயிற்று. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, மனசு நழுவிவிட்டது. பல நாளாக வெளியே போகாதது இப்போது போயிற்று. பாக்கெட்டின் பின்னாலேயே போனது. லாரியில் ஏறி, இறங்கி, குளிர்ந்த அறைக்குள் நுழைந்து, ஒரு நர்ஸின் கையில் நின்றது. நர்ஸ் பாக்கெட்டைக் கிழித்தாள், சீட்டைப் பார்த்தாள். பதினாலு. அதற்குப் பக்கத்தில் ஆறு மணி நாற்பது நிமிஷம்.

“கேட்டீங்களா?” என்றார் ஷைலஜா, இரண்டாம் தடவையாக, கொஞ்சம் சத்தமாக.

“சீட்டு உண்டு மேடம்” என்றாள் சிஜி. “ஒவ்வொரு பாக்கெட்டுலயும் நான் நேரம் எழுதுவேன். எல்லாரும் எழுதுவோம். எழுதினத அப்படியே ஒரு புக்குல பதியவும் செய்வாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வந்தா அதத்தான் காட்டுறது.”

ஷைலஜா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் மேலிடத்துக்கு எழுதி, தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் அவரும் சேர்ந்து கம்பெனிக்கு வர மூன்று வாரமாயிற்று. வந்தது பட்டப்பகலில், சாப்பாடு முடிந்த நேரம். யார் சொல்லி வந்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் முதலில் வருகைப் பதிவைப் பார்த்தார். எல்லாம் ஐந்து மணி, சுத்தமாக இருந்தது. பிறகு பாக்கெட் பதிவேட்டைக் கேட்டார். கருணாகரன் அதைப் பெருமையாகவே எடுத்து வந்தார். நீல அட்டை போட்டு, வருஷ வாரியாக, ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்த புத்தகங்கள். வருகிறவர்களெல்லாம் மெச்சுகிற புத்தகங்கள். மேஜைமேல் வைத்து, தானே பக்கத்தைத் திறந்தும் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் விரல் வைத்துக் கீழே இறங்கினார். ஐந்தே கால், ஒன்பது. ஐந்து ஐம்பது, இருபத்திரண்டு. ஆறே முக்கால், பதினாலு. நாலுக்கு ஒரு சின்ன வால்கூடப் பதிவு எழுதியவர் பார்த்து வரைந்திருந்தார்.

“அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போன ஆளு ஆறே முக்காலுக்கு எப்படித் துணி மடிச்சுது?” என்று கேட்டார்.

மடிக்கிற அறையில் இருபத்தாறு ஜோடிக் கைகளும் நின்றன. கருணாகரன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையாலேயே இத்தனை அழகாகக் காப்பாற்றி வைத்தது இதைத்தானா என்பது போல இருந்தது அவர் முகம். சிஜிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எர்ணாகுளத்தில் இருக்கிற முதலாளிக்கு அவர் போன் செய்யும்போது நெற்றியை ஜன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்து நின்றிருந்ததை அவள் பார்த்தாள்.

முதலாளி வழக்குக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு விஷயம் தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று பயந்திருக்கலாம். புத்தகத்தில் இருந்த காலத்துக்கு, கொடுத்தது போக மிச்சத்தை இரண்டு தவணையாக எல்லோருடைய பேங்குக் கணக்கிலும் போட்டார்கள். கூடவே ஒரு நோட்டீஸும் ஒட்டினார்கள். ஒன்றாம் தேதி முதல் ஓ.டி. கிடையாது, ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அன்றைக்கு லேகா தையல் பிரிந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிஜியின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“நீதான் போனன்னு எனக்குத் தெரியும்.”

“ஆமா சேச்சி.”

“வந்த பைசா ஒரு தடவை வந்துது. சனிக்கிழமை கவரு எல்லா வாரமும் வருமே? எனக்க லோனுக்கு இனி என்ன செய்ய?” லேகா தொப்பியை மேஜைமேல் வைத்தாள். “உனக்கு உறக்கம் வந்தா நீ உறங்கு மக்கா. எங்கள எதுக்கு எழுப்பின?”

லேகா தன் மேஜையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் ஐந்து மணி. மெஷின் தேங்க்யூ சொன்னது. பழக்கத்தில் பாதிப் பேர் திரும்பி உள்ளே நடந்து, பிறகு நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். வெளியே வந்தபோது சிஜிக்குக் கண் கூசியது. ரோட்டின்மேல் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடந்தது. அவள் தினமும் நடக்கிற ரோடுதான். ஆனால் இத்தனை மரம் அதில் இருந்தது அவளுக்குத் தெரியாது. காலையில் அவசரத்தில் பார்த்த மதில்கள் எல்லாம் இப்போது வேறு பக்கம் திரும்பி நின்ற மாதிரி இருந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு பெண்கள் ஷட்டில் ஆடினார்கள். பந்து மேலே போய் வெயிலில் காணாமல் போய்த் திரும்பி வந்தது. அது மூன்று தடவை வந்துபோகிற வரை நின்று பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்தில் முதல் பஸ்சை விட்டுவிட்டாள். இரண்டாவதையும். அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாத நேரம் கையில் இருப்பது, பிறர் வீட்டுக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்துவிட்டுப் போனது போல இருந்தது. கீழே போட்டுவிடக் கூடாது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்லூரி நிறுத்தத்தில் மாணவர்கள் கூட்டமாக ஏறினார்கள். பின்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தொண்டையைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு முட்டச் சிரிக்கிற சிரிப்பு. யாருடைய பிள்ளையோ என்று சிஜி திரும்பினாள். ஜெஸ்னா. கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து வருகிறாள். வீட்டில் ஏழே முக்காலுக்குச் சிஜி போய்ச் சேரும்போது புத்தகத்தின் முன்னால் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிற ஜெஸ்னாவேதான். கூட நின்ற பெண்ணின் தோளில் அடித்து அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை வீசிச் சொன்னாள், யாரோ ஒரு வாத்தியாரைப் போல நடித்துக் காட்டினாள். சிஜி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்தப் பெண் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. ஜன்னல் வழியாகத் தென்னைகளும் கடைகளும் மெல்லப் பின்னே நகர, இருபது நிமிஷம் தன் மகளைத் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பது போல ஆசை தீரப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்குகிற இடத்தில்தான் ஜெஸ்னா கண்டாள்.

“அம்மா! என்ன இந்நேரம்? வேலைய விட்டு எடுத்தாங்களா?”

“இல்ல மக்கா. இனி இதாக்கும் நேரம்.”

ரப்பர்த் தோட்டத்து ஓரமாக இருவரும் நடந்தார்கள். மொபைல் வெளிச்சம் தேவைப்படவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஜெஸ்னா, எங்கிருந்தோ எடுத்த மாதிரி, பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்த கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டு மாதம் போயிற்று. அந்தச் சாயங்காலங்களில் சிஜி பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு நாள் மகளோடு பாறசாலைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கினாள். ஒரு சனிக்கிழமை கோட்டுகாலில் பொன்னுதாஸ் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த வீட்டைத் தேடிப் போனாள். அவன் ஏணிமேல் நின்று ஒரு ஜன்னலின் ஓரத்தைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு அடி உயரத்தில் அவன் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்வான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை முடிந்து இருவரும் கடலைப் பார்க்கப் போனார்கள். கடல் பேசிக்கொண்டிருந்தது.

காய்ச்சல் காலம் வந்தது. ஆர்டர் குவிந்தது. எட்டு மணி நேரத்தில் முடியாது என்றானதும் கருணாகரன் ஒரு புதிய நோட்டோடு வந்தார். இந்தத் தடவை அது பெரிய நோட்டு. விருப்பப்பட்டவர்கள் மட்டும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் ஆறு மணி நேரம்தான், அதற்கு மேல் இல்லை. மெஷினில் கடைசியில்தான் விரல். இரட்டி வேதனம்.

அவர் சிஜியின் மேஜையில் நோட்டை வைத்துவிட்டுச் சற்று நின்றார். “அன்னைக்கு நீ கேட்டப்போ நான் சிரிச்சிருக்கப்பிடாது பிள்ளே” என்றார், துணியைப் பார்த்துக்கொண்டே.

“அது போட்டும் சாறே” என்றாள் சிஜி. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பெயர் எழுதினாள்.

லேகா மூன்று நாளும் எழுதினாள். அந்த வாரச் சனிக்கிழமை கணக்கில் ஏறிய பணத்தைப் போனில் பார்த்தபோது, முன்பு பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கவரில் வந்த தொகை இப்போது ஆறு மணி நேரத்துக்கு வந்திருந்தது. அவள் போனை இரண்டு தடவை அணைத்து எடுத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை வந்ததும் தன் மேஜையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். இழுத்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

“ஜன்னல் வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு” என்றாள் லேகா, யாரும் கேட்காமலே. பிறகு குரலைத் தாழ்த்தி, “லோனுக்கு ஒரு கணக்காயிட்டு. அந்த ரெண்டு மாசந்தான் எப்படிக் கழிச்சேன்னு எனக்கே தெரியாது” என்றாள். சிஜி கைநீட்டி லேகாவின் தொப்பியில் வெளியே வந்திருந்த முடியை உள்ளே தள்ளிவிட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணிக்கே கிளம்பி வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள் சிஜி. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் இலைகள் அசைந்துகொண்டிருந்தன. கண்ணை மூடித் தூங்கினாள். விழித்தபோது ஜன்னலில் சாம்பலும் சிவப்புமாக ஒரு வெளிச்சம் நின்றது. எங்கோ ஒரு கோழி கூவியது. அடுக்களையில் பாத்திரச் சத்தம். விடிந்துவிட்டது என்று பதறி எழுந்தாள். முகம் கழுவினாள், தலையைக் கோதிக் கொண்டையிட்டாள், சோற்றுப் பாத்திரத்தைத் தேடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

“ஏன் எழுப்பல? பஸ் போயிருக்கும்.”

பொன்னுதாஸ் அடுப்பருகே சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தான். மேஜையில் ஜெஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

“எந்த பஸ்?” என்றான் அவன். “மணி ஆறேகால்தான் ஆச்சு. சாயங்காலம் ஆறேகால்.”

சிஜி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். விடியலா அந்தியா என்று வானம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருந்தன. அதை நிச்சயப்படுத்திக்கொள்ள அவள் அவசரப்படவில்லை. படியில் உட்கார்ந்தாள். பொன்னுதாஸ் கொண்டு வந்து கொடுத்த சாயாவை இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள்.